இருபது கோடித் துடிப்பு

செவ்வாய்தோறும் விடியுமுன்
நீலப் பனிப்பெட்டியோடு ஆதன்ரைக்குப் போகிறேன்.
அறுப்புக்கூடத்தின் பின்வாசலில்
மார்ட்டி கெனவன் நிற்பார்,
ரப்பர் காலணியில் நேற்றைய மழையும்
இன்றைய இரத்தமும்.
"ஆறு இதயம். இன்னும் சூடு ஆறல."
எண்ணிப் போடுவார்,
உருளைக்கிழங்கு நிறுப்பவர்போல.
பிறகு வாராவாரம் அதே கேள்வி:
"உன்னை நிரந்தரம் பண்ணிட்டாங்களா, ப்ரோனா?"

வாய்திறக்காமல் இல்லை என்று சொல்ல
ஒரு வழி கற்றிருக்கிறேன்:
பெட்டியின் மூடியைச் சற்றுப் பலமாக அழுத்துவது.

முப்பத்தெட்டு வயது. மூன்றாவது ஒப்பந்தம்.
முதலாவது உப்சாலாவில், இரண்டு குளிர்காலம்.
அடுத்து போர்த்தோ, பதினெட்டு மாதம்.
போர்த்துகீசியத்தில் நான் கடைசியாகக் கற்ற வாக்கியம்
வீட்டு முன்பணத்தைத் திருப்பிக் கேட்பது.
இப்போது கால்வே.
ஒருவழியாகச் சொந்த ஊருக்கு வந்துவிட்டாய் என்கிறாள் அக்கா.
சொந்த ஊரும்
டிசம்பர் முப்பத்தொன்று வரைதான் செல்லுபடி.

ஆய்வுக்கூடத்தின் மூலையில் ஓர் இயந்திரம்,
சலவை எந்திரத்துக்குத் தம்பி உயரம்.
பன்றி இதயத்தின் வால்வை அறுத்தெடுத்து
பதப்படுத்தி, உலோகச் சட்டத்தில் தைத்து
அதனுள் மாட்டுகிறேன்.
நிமிடத்துக்குத் தொள்ளாயிரம் முறை
திறக்கும், மூடும்.
ஒரு மனிதரின் ஐந்தாண்டுத் துடிப்பை
இருபத்திரண்டு வாரத்தில் துடித்துத் தீர்க்கும்.
இருபது கோடி.
அதுவரை கிழியாமல் நின்றால்தான்
அடுத்த கட்டம் பற்றிப் பேச்சே.

எனக்கு மீதி பதினேழு வாரம்.

தையல் நூல் சுங்கத்தில் கிடந்தது ஐந்து வாரம்.
யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை.
ஏதோ ஒரு படிவத்தில்
ஏதோ ஒரு கட்டம் காலி.
ஃபிண்டன் நல்லவர், என் மேலாளர்,
அதுதான் சிக்கல்: கோபப்பட இடமே தருவதில்லை.
"நிதி வந்தால்" என்று தொடங்குவார்,
ஜன்னல் பக்கம் திரும்புவார்,
கோரிப் ஆறு கடலுக்கு அவசரப்படுவதைப் பார்த்தபடி
வாக்கியத்தை அங்கேயே விட்டுவிடுவார்.

கணக்குப் போட்டேன்.
நான் சாவியை ஒப்படைக்கும் மாலையில்
எண்காட்டியில் பதினைந்து கோடியே சொச்சம் இருக்கும்.
மீதி நாலரைக் கோடி
வேறு யாரோ நின்று கேட்க வேண்டிய துடிப்பு.

இரவுகளில் விண்ணப்பிக்கிறேன்.
மினியாபொலிஸ்: திசுப் பொறியியல், ஓராண்டு, நீட்டிக்கப்படலாம்.
ஐந்தோவன்: இரண்டாண்டு, ஊக்கமுள்ளவர் தேவை.
மெல்பர்ன்: முனைவர் பட்டம் பெற்று
ஐந்தாண்டு தாண்டாதவர் மட்டும்.
நான் ஒன்பதாவது ஆண்டில் நிற்கிறேன்,
நிறைய அறிந்துவிட்ட குற்றத்துக்கு.
எல்லாப் படிவத்திலும் ஒரே கேள்வி,
மார்ட்டியின் கேள்விக்குக் கோட்டு மாட்டியதுபோல:
ஐந்தாண்டுக்குப் பின் உங்களை எங்கே காண்கிறீர்கள்?
இருநூறு சொற்களுக்குள்.

இயந்திரம் தட்டிக்கொண்டே இருக்கிறது.
உள்ளே அந்த மூன்று மெல்லிய இதழ்கள்
ஐந்தாண்டை நோக்கி ஓடுகின்றன,
எதற்கென்று கேட்காமல்.
ஒருமுறை விளக்கை அணைத்துவிட்டு
கண்ணாடியில் காதை வைத்தேன்.
தகரக் கூரையில் பெய்யும் மழைதான்,
இதயம் மாதிரியே இல்லை.

படிவத்தை மூடிவிட்டு
வேறொன்று எழுதத் தொடங்கினேன்,
இன்னும் பெயர் தெரியாத ஒருவருக்கு:

*மூன்றாம் அறையின் பம்பு இரவில் முனகும்.
பயப்படாதே, பக்கவாட்டில் ஒரு தட்டு போதும்.
உப்புக்கரைசலைத் திங்களன்று மாற்று.
ஒன்பதாம் எண் வால்வில்
ஒரு தையல் கோணலாக இருக்கும்.
அது என் கை, அன்று காய்ச்சல். இன்னும் தாங்குகிறது.
செவ்வாய் ஐந்தரைக்குள் ஆதன்ரை போய்விடு.
மார்ட்டிக்கு ஒரு கப் தேநீர், சர்க்கரை மூன்று.
அவர் ஏதாவது கேட்பார்.
பெட்டியின் மூடியை நன்றாக அழுத்து.
கசியும்.*